ஏழு வரை

நந்தி மலைச் சாலையில் ஒரு ரிசார்ட்.
இரண்டு பகல், ஓர் இரவு.
கண்ணைக் கட்டிக்கொண்டு கயிற்றைச் சதுரமாக்கினோம்.
பின்பக்கமாகச் சாய்ந்தேன்.
அக்கவுண்ட்ஸ் பிரகலாத் பிடித்துக்கொண்டார்,
முழங்கையில் மட்டும் லேசாகச் சிராய்ப்பு.

கடைசி மணி நேரத்தில் ஆளுக்கொரு கவர்.
"உங்களுக்கு நீங்களே ஒரு கடிதம்.
திரும்பிப் போய் என்ன செய்யப்போகிறீர்கள்?
முப்பது நாள் கழித்து வீட்டுக்கு வரும்."
பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டு பக்கம் எழுதித்தள்ளினார்.
எனக்கு ஒரே வரிதான் வந்தது:
கேள்வி கேட்டால், ஏழு எண்ணும்வரை வாயைத் திறக்காதே.

திங்கள். பீன்யா இரண்டாம் ஃபேஸ்.
காலை ஷிப்ட், ஆறு ஐந்து.
"வேலையில் என்ன இடைஞ்சல்? சொல்லுங்க."
ஒன்று. இரண்டு. மூன்று.
பதினோரு பேரும் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள்.
நான்கு.
"சரி, நானே சொல்றேன்" என்று
போன மாத ரிஜெக்‌ஷன் கணக்கை அவிழ்த்துவிட்டேன்.

செவ்வாய், ஐந்து வரை.
புதன் மறந்தே போனது.
வியாழன் ஏழைத் தொட்டேன்.
நாகரத்னா மட்டும் கேட்டாள்,
"மேடம், தொண்டை சரியில்லையா?"

இப்படியே பதினாறு நாள்.
பிறகு ஒரு காலை, ஆறாவது எண்ணில்,
கம்ப்ரஸர் மூச்சு வாங்கிய இடைவெளியில்,
சுதாம் பெஹெரா பேசினான்.
பாதி கன்னடம், பாதி ஹிந்தி,
பார்வை என் தோளுக்கு மேல் எங்கோ.
"நாலாம் நம்பர் பிரஸ்ஸில் சென்சார் செத்துக்கிடக்கு மேடம்.
ஒயரில் ஜம்பர் போட்டிருக்கு.
கையை உள்ளே விட்டாலும் அடிக்கும்."

"யார் போடச் சொன்னது?"
எண்ணத் தேவையிருக்கவில்லை.
எல்லாரும் ஒரே நேரத்தில்
மறுபடி ஷூவைப் பார்த்தார்கள்.

அக்டோபர். கேட்டில் லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது.
தீபாவளிக்கு முன் அனுப்பியாக வேண்டிய நாலாயிரம் பிராக்கெட்.
சென்சார் பத்து அடிக்கு ஒருதரம் மெஷினை நிறுத்துகிறது.
"இந்த ஒரு ராத்திரிக்கு மட்டும்."
என் குரல்தான்.
ஒரு ராத்திரிக்கு ஐந்து மாத நீளம்.

அந்த ஐந்து மாதமும்
சுதாம் அச்சுக்குள் விரலை விடவில்லை.
தானே கம்பி வளைத்து ஓர் இடுக்கி செய்துகொண்டிருந்தான்.
பிடிக்கு சைக்கிள் ட்யூப்.
அதனால் ஒவ்வொரு பீஸுக்கும் இரண்டு நொடி கூடுதல்.
அதனால், டிசம்பரில்,
அவன் கார்டில் நான் எழுதியிருந்தேன்: வேகம் போதாது.

நடந்துபோய்ச் சிவப்புப் பட்டனை அழுத்தினேன்.
நாலாம் நம்பர் நின்றது.
மற்ற மூன்றும் அடித்துக்கொண்டே இருந்தன,
ஒரு காலை இழந்த குதிரைபோல் ஒலி நொண்டியது.
மெயின்டனன்ஸ் மல்லப்பா ஜம்பரைப் பிடுங்கி
என் உள்ளங்கையில் வைத்தார்.
ஒரு சாண்கூட இல்லை. மஞ்சள் ஒயர்.

பத்தரைக்குக் குல்கர்ணி சார் போன்.
"யாரைக் கேட்டு நிறுத்தினே?"
ஒன்று. இரண்டு.
மூன்றில் அவரே தொடர்ந்தார்:
டார்கெட், கஸ்டமர், மாதக் கடைசி.
முடியட்டும் என்று விட்டு,
"நிறுத்தினது நான் சார்.
ஜம்பர் போடச் சொன்னதும் நான்தான்" என்றேன்.
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
அவர் எத்தனை வரை எண்ணினாரோ தெரியாது.
பயிற்சிக்குக் கையெழுத்துப் போட்டவர்,
வந்தவர் இல்லை.

நேற்று தாசரஹள்ளி வீட்டுக்குக் கடிதம் வந்தது,
கரண்ட் பில்லின் அடியில்.
என் கையெழுத்து, என் முகவரி,
ஓரத்தில் நானே வரைந்த சிரிக்கும் முகம்.
அது யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்று
கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

இன்று காலை மீட்டிங்கில்
நான்கிலேயே உடைந்துவிட்டேன்.
வழக்கம்போல் நானே பேசினேன்.

நாலாம் நம்பரில் சென்சார் எரிகிறது. பச்சை.
சுதாம் இன்னும் இடுக்கியால்தான் எடுக்கிறான்,
அதே இரண்டு நொடி.
"இப்ப சரியாயிடுச்சே, இன்னும் ஏன்?" என்றேன்.

அவன் நிமிரவில்லை.
ஒன்று.