ஹார்லன் தந்த எட்டு

அறுபத்தாறு ஆட்டம். பதினொரு கோல்.
பிறர் கோலுக்குக் கைகொடுத்தது இருபத்து மூன்று.
அவன் களத்தில் நின்ற நேரத்தில்
நாங்கள் போட்டதைவிட வாங்கியது பத்தொன்பது அதிகம்.
இதுதான் என் பையன் ஆர்மாஸ் கோட்டிலாவின் முதல் சீசன்.

பையன் என்றால் பெற்றதல்ல.
போன ஆகஸ்டில், கெமி நகராட்சிப் பணிமனையில்
பனி வாரும் வண்டிக்கு அலகு மாற்றிய மதியம்
கைபேசியில் செய்தவன்.
இடப்பக்க முன்வரிசை, எண் நாற்பத்தேழு, வயது பத்தொன்பது.
வேகத்துக்கு அள்ளிக் கொடுத்தேன்,
தற்காப்புக்குக் கிள்ளிக் கொடுத்தேன்.
அதன் பலனைத்தான் நான்காம் வரியில் பார்த்தீர்கள்.

எங்கள் லீக்கில் பனிக்கட்டி கிடையாது.
இரவு மூன்றுக்கு எங்கோ ஒரு கணினி பகடை உருட்டும்.
நான் அப்போது துறைமுகச் சாலையில்
மைனஸ் இருபத்தாறில், மஞ்சள் விளக்கு சுழல
நிஜப் பனியை ஓரம் தள்ளிக்கொண்டிருப்பேன்.
வண்டியை நிறுத்தி, கையுறையைப் பல்லால் கழற்றி
திரையை இழுப்பேன்.
"12:41. கோட்டிலா. தந்தவர் ப்ரூஸ்கி."
கோல் என்பது அவ்வளவுதான்.
முதல் கோலுக்கு மட்டும் ஹாரன் அடித்தேன்.
மரக்கூழ் ஆலைக் காவலாளி டார்ச்சோடு வெளியே வந்தார்.
ஒன்றுமில்லை என்று கையசைத்தேன்.

ஹார்லன் ப்ரூஸ்கி எங்கள் நடுவரிசை.
அவனைச் செய்தவர்
மூஸ் ஜாவில் டயர் கடை வைத்திருப்பதாக
ஒருமுறை எழுதியிருந்தார்.
நவம்பர் ஒன்பதுக்குப் பிறகு ஆளைக் காணோம்.
வாராவாரம் ஏற்ற வேண்டிய புள்ளிகளை யாரும் ஏற்றவில்லை.
சலித்துவிட்டதோ, வீட்டில் குழந்தை பிறந்ததோ,
இல்லை
அந்த மூன்றாவதை நாங்கள் யாரும் எழுதிக்கொள்ளவில்லை.
ஹார்லனுக்கு இதெல்லாம் தெரியாது.
ஊட்டுவாரின்றி ஒவ்வோர் இரவும் இறங்கினான்,
நவம்பரில் இருந்த அதே காலோடு, அதே கண்ணோடு.
ஆர்மாஸின் பதினொன்றில் எட்டு
அவன் தள்ளிவிட்ட வட்டு.

அணி பதினான்கில் பன்னிரண்டு.
நூக் வால்ரஸ்கள் என்று பெயர் வைத்ததாலோ என்னவோ
கரையேற நேரமாகிறது.
அடுத்த சீசன் தேறிவிடுவோம் என்கிறார் ஸ்டிஸ்லாவா.
பிர்னோவில் பகலெல்லாம் பல் பிடுங்கிவிட்டு
இரவில் எங்களை நிர்வகிப்பவர்.
புதுமுகத் தேர்வின் முதல் சுற்றில் நமக்கு இரண்டு வாய்ப்பு,
கோல்காப்பவனுக்கு முப்பத்தாறு,
கோடையில் நிரல் அவன் கைகளை மெதுவாக்கும்,
ஆனாலும் ஒரு வருடம் தாங்குவான்,
சம்பள வரம்புதான் இடிக்கிறது,
நடுவரிசையில் இடம் காலியாக வேண்டும்.
"ஆடும் பல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு நாள்?"
என்று முடித்திருந்தார்.
ஹார்லனை விடுவிப்பதா, வாக்கெடுப்பு, ஞாயிறுவரை.

கணக்கு எனக்கும் தெரியும்.
சாலையில் விட்டுப்போன காரைச் சுற்றித்தான்
நானும் முதல் இரண்டு நாள் பனி வாருகிறேன்.
மூன்றாம் நாள் இழுத்துப்போகச் சொல்வதும் நான்தான்.

கடைசி ஆட்டம் ஐந்துக்கு இரண்டு, தோல்வி.
அந்த இரண்டாவது, யாருக்கும் உதவாத நேரத்தில்:
"59:48. கோட்டிலா. தந்தவர் ப்ரூஸ்கி."
பன்னிரண்டு நொடி மிச்சம்.
தோற்றது தெரிந்தும் தள்ளினானா,
தெரியாததால் தள்ளினானா?
பகடைக்கு அந்த வித்தியாசம் உண்டா என்று
ஸ்டிஸ்லாவாவைக் கேட்க நினைத்து, விட்டுவிட்டேன்.

ஞாயிறு மாலை, விடுவிக்கலாம் என்று அழுத்தினேன்.
ஏழுக்கு மூன்று.
பிறகு மூஸ் ஜாவுக்கு எழுதினேன்:
உங்கள் ஆள் நன்றாக ஆடினான். என் பையனுக்கு எட்டு.
படித்ததாக இன்னும் குறி விழவில்லை.

கோடைக்கு ஆர்மாஸ் கணக்கில் பதினெட்டுப் புள்ளி.
தற்காப்புக்குப் போடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்,
என்றார் ஸ்டிஸ்லாவா.
பதினெட்டையும் பாஸ் கொடுப்பதில் போட்டேன்.
காலையில் திட்டுவார்.