பதினேழு சொல்

சிஸ்டர் பெர்னதெத்தாவுக்குத் தெரிந்த தமிழ்
எண்ணிப் பார்த்தால் பதினேழு சொல்.
எல்லாம் கட்டிலில் கிடப்பவர்களிடம் பொறுக்கியது.
வலிக்குதா.
திரும்பிப் படுங்க.
வாயைத் திறங்க.
இன்னும் கொஞ்சம்.
போதுமா.

புளோரஸ் தீவிலிருந்து பினாங்குக்கு வந்தவர்
இதை வைத்துக்கொண்டுதான்
விடியற்காலை ஐந்தரைக்கு
பூலாவ் தீக்குஸ் சந்தையில் பிச்சை எடுக்கிறார்.
பிச்சை என்று அவரேதான் சொல்வார், வெட்கமில்லாமல்.
நான் வேன் ஓட்டுகிறவன், கூடை தூக்குகிறவன்.
வெட்கமெல்லாம் எனக்கு.

கீரைக்காரர் குழந்தைவேலு
நேற்று விற்காத முட்டைக்கோஸ் நாலைப் போடுவார்.
"இன்னும் கொஞ்சம்" என்பார் சிஸ்டர்,
கஞ்சி ஊட்டும் அதே குரலில்.
ஐந்தாவது விழும்போது அவர் முகத்தை உற்றுப் பார்த்து
"வலிக்குதா?"
சந்தையே சிரிக்கும்.
ஆறாவதும் விழும்.

மீன்கடை ஆ செங் ஒருநாளும் தந்ததில்லை.
அவர் முன்னும் நின்று
தலை தாழ்த்திவிட்டுத்தான் நகர்வார்.
ஏனென்று நான் கேட்டதில்லை.

ஜூலையில் பாலிக் பூலாவிலிருந்து யாரோ
இல்லத்து வாசலில்
நாலு கூடை டுரியான் இறக்கிவிட்டுப் போனார்கள்.
உள்ளே நாற்பத்திரண்டு பேர்,
முப்பது பேருக்கு இனிப்பு நீர்.
வெள்ளை அங்கியோடு சிஸ்டர்
சாலையோரம் கோணி விரித்து உட்கார்ந்துவிட்டார்.

மாநகர் மன்ற அதிகாரி
சம்மன் புத்தகத்தோடு வந்தார்.
மலாய் சரளமாய்ப் பேசும் சிஸ்டருக்கு
பதற்றத்தில் தமிழ்தான் வந்தது.
சுளையை நீட்டி, "வாயைத் திறங்க."
ஒரு சொல் புரியாமல்
அந்த மனிதர் திறந்தார்.

விற்ற காசில்
பெரியவர்களுக்கான டயப்பர், எட்டுப் பெட்டி.
வேன் ஒரு வாரம் மணத்தது.
நாறியது என்பான் என் மகன்.

ஒரு பழம் மட்டும் விற்கவில்லை.
பதினோராம் கட்டில் சங்கிலிமுத்து,
துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்,
போன மாதம் இரண்டு கால்விரல் எடுத்தார்கள்.
சுளையைத் தான் தின்றுவிட்டு
கொட்டையை மட்டும் அவர் வாயில் வைத்தார் சிஸ்டர்.
கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
கண்மூடிக் கிடந்தார் வெகுநேரம்.

"போதுமா?"
"இன்னும் கொஞ்சம்" என்றார் கிழவர்.

அன்று மாலை வேனில்
"கூடாது" என்பதற்குத் தமிழ் கேட்டார்.
சொல்லிக் கொடுத்தேன்.
பர்மா சாலை சமிக்ஞை விளக்குவரை
ஜன்னல் பக்கம் திரும்பி
கூடாது, கூடாது என்று பழகிக்கொண்டே வந்தார்.

மறுநாள் சோதித்துப் பார்த்தேன்.
பதினேழுதான் இருந்தது.