பழைய எண்

வியாழன்தோறும் வருவார் எர்மெலிந்தா.
கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு
கைகழுவி வந்து உட்காருவார்
சாப்பாட்டுக்கு உட்காருவதைப் போல.
செத்தூபல் நகராட்சிக் காப்பகத்தில்
மேசைகள் மொத்தம் ஐந்து.
ஜன்னலோர மேசை அவருடையது என்று
யாரும் சொல்லவில்லை. ஆகிவிட்டது.

வலைக்காரர் சந்து, பதினேழாம் எண்.
வாங்கி ஒரு வருடம்.
கூரை ஒழுகுகிறது, குழாய் முனகுகிறது,
எத்தனை முறை பூசினாலும் சுவரில் வெள்ளை பூக்கிறது.
அவர் கேட்டதோ
எனக்கு முன்னால் இங்கே யார் என்பதை மட்டும்.

எடுத்துக் கொடுத்தேன்.
வீட்டுவரிப் பேரேடு, குடிநீர் இணைப்புப் பதிவு,
சாக்கடைக்கு மனு, அதனோடு ஒரு வரைபடம்:
நீல மையில் சமையலறை, தீப்பெட்டி அளவு.

அமாதெயு,
மத்திமீன் ஆலையில் டின்னுக்கு ஈயம் பற்றவைப்பவன்.
மனைவி பிராசிதா.
பிள்ளைகள் ஆறு. தங்கியது நான்கு.
1894, வரி பாக்கி.
1895, வரி பாக்கி.
1896, தெற்குச் சுவரில் ஜன்னல் வைக்க அனுமதி கோரி மனு.

"வரிக்குக் காசில்லை, வெளிச்சம் கேட்கிறான் பாருங்கள்!"
சிரித்த சிரிப்பில்
அடுத்த மேசைப் பாதிரியார் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

அந்த ஜன்னலைத் தேடித்
தெற்குச் சுவரை ஆணியால் சுரண்டினாராம்.
கல்தான் வந்தது.
அடைத்துவிட்டார்கள் போலும் என்றார்.
அடைத்தவன் யாரோ, அவன்மேல் கோபம் வேறு.
1904இல் வீடு காலி என்றது பேரேடு.
"விற்றுவிட்டுப் போயிருப்பார்கள்" என்றேன்,
நிபுணன் குரலில்.

நவம்பரில்
வேறு யாருக்கோ வேறு எதையோ எடுக்க
ஏணியில் ஏறினேன்.
துணி அட்டை போட்ட ஒல்லியான நோட்டு.
'தெருக்களின் எண் மாற்றம், 1903.'
அதுவரை எண்கள்
சந்தின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கின.
பிறகு ஒற்றை இங்கே, இரட்டை அங்கே.

பழைய பதினேழு, புதிய பதினெட்டு.
புதிய பதினேழு, பழைய ஒன்பது:
உப்புக் கிடங்கு. குடியிருப்பவர் இல்லை.

இருபத்திரண்டு வருடம் இந்த வேலையில் இருக்கிறேன்.
முதல் வியாழனே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.
ஏணியில் நின்றபடி ஒரு நொடி,
இல்லை, அதற்கும் மேல்,
இருந்த இடத்திலேயே செருகிவிட்டால் என்ன என்று யோசித்தேன்.
தூசிக்கு வாய் கிடையாது.

இறங்கி
அவர் மேசையில் வைத்தேன்.

விரல் கட்டத்தின் குறுக்கே போனது,
திரும்பி வந்தது,
மறுபடி போனது.

"பிராசிதா?"
எதிர்வீடு.
"தங்காத இரண்டு?"
அங்கேதான்.
ஜன்னலைப் பற்றி அவர் கேட்கவில்லை.
தினமும் காலையில் காபிக் கோப்பையோடு
அவர் நின்று பார்க்கும் ஜன்னல்.

இரண்டு வியாழன் மேசை காலி.
பாதிரியார்கூட அதில் உட்காரவில்லை.

மூன்றாம் வியாழன் கோட்டைக் கழற்றாமலே சொன்னார்:
"பதினெட்டுக்குப் போனேன்.
பெல்மீரோ, மீன் வண்டி ஓட்டுகிறவர்.
பாதிக் கதவைத் திறந்துவைத்து எல்லாவற்றையும் கேட்டார்.
கேட்டுவிட்டு,
அந்த பாக்கியை இப்போது நான் கட்ட வேண்டுமா என்றார்."

பிறகு கைகழுவப் போனார்.

பழைய ஒன்பதுக்கு இருந்தது ஒரே தாள். 1899.
'கழுதை சுமையோடு நுழைய முடியவில்லை.
வாசலை இரண்டு சாண் அகலப்படுத்த அனுமதி வேண்டும்.'
கையெழுத்து இடத்தில் பெருக்கல் குறி.

வெகுநேரம் பார்த்தார்.
"சோபா இடிக்காமல் உள்ளே போனது" என்றார்,
"தூக்கி வந்தவர்களே ஆச்சரியப்பட்டார்கள்."
விரல்நுனியை, எதற்கோ, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

போகும்போது மேசையில் ஒரு கோரிக்கைச் சீட்டு:
சுமைக் கழுதை உரிமங்கள்,
1890 முதல், எல்லாம்.

இருக்கின்றன.
மூன்று பெட்டி.