நான்கு இரவுகள்

நான்கு இரவுக்குத்தான் காசு கட்டியிருந்தார்கள்.
ஈசூன், பதினோராம் மாடி,
மகள் நியூகாசலுக்குப் படிக்கப் போனதில்
காலியான அறை.
மெத்தை உறை புதிது.
சாவியில் ஒரு குட்டி யானை கட்டியிருந்தேன்.

மின்தூக்கி திறந்தபோதே பார்த்தேன்.
இரண்டு பெட்டி, ஒரு தலையணை,
அவள் இடுப்பில் பிள்ளையைப் போல
ஒரு ரைஸ் குக்கர்.
நான்கு இரவுக்கு யாராவது
ரைஸ் குக்கரோடு வருவார்களா?
அதைக் கேட்டிருக்க வேண்டும்.
"சாப்பிட்டீங்களா" என்று கேட்டேன்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்.
ஒரு நாள் கூட்டி விற்றவள் நான்.

ஐந்தாம் நாள், "இண்டர்வியூ தள்ளிப் போச்சுக்கா."
எட்டாம் நாள், "வெள்ளிக்கிழமை பணம் வந்துரும்க்கா."
எந்த வெள்ளி என்று அவன் சொல்லவில்லை.
பன்னிரண்டாம் நாள் பேச்சே இல்லை.
குளிர்பதனப் பெட்டியின் நடுத்தட்டில்
அவர்களுடைய தயிர், அவர்களுடைய முட்டை,
என் பருப்பு டப்பா
காய்கறித் தட்டுக்குக் குடிபெயர்ந்திருந்தது.

கெட்டவர்கள் என்று சொல்ல முடியவில்லை,
அதுதான் எரிச்சல்.
தர்ஷிணி கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள்.
இளவேந்தன் குளியலறை விளக்கை மறக்காமல் அணைக்கிறான்.
இரவு வேலை முடிந்து
மருத்துவமனைச் சலவையின் ஆவி
இன்னும் கழுத்தில் பிசுபிசுக்க
நான் கதவைத் திறந்தால்
என் நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்து
"உட்காருங்கக்கா" என்கிறான்.
எனக்கு.
என் நாற்காலியில்.

பதினேழாம் நாள் கத்திவிட்டேன்.
போலீசைக் கூப்பிடுவேன் என்றேன்.
அவன் ரிமோட்டை மெதுவாக வைத்தான்.
"கூப்பிடுங்கக்கா. ஆனா
வீவக வீட்ல நாலு ராத்திரிக்கு ரூம் விடலாமான்னு
மொதல்ல ஒங்களத்தான் கேப்பாங்க."
மிரட்டல் இல்லை அதில்.
மழை வருது, துணிய எடுங்க என்று
பக்கத்து வீட்டில் சொல்வார்களே,
அந்தக் குரல்.

மறுநாள் மின்தூக்கியில் ஹமீதா மக்சிக்
யார் அவர்கள், சொந்தமா என்று கேட்டாள்.
தங்கச்சி மகள் என்றது என் வாய்.
எனக்குத் தங்கச்சியே கிடையாது.
சாயங்காலம் ஒரு தட்டுப் பலகாரம் வந்தது,
தங்கச்சி மகளுக்கும் சேர்த்து.

பகலில் தூங்குகிறவள் நான்.
திரையை இழுத்துப் படுத்தால்
சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு,
தாழ்ந்த குரலில் சண்டை,
பிறகு குக்கர் 'டொக்' என்று
சூட்டுக்கு மாறும் சத்தம்.
மகள் டிசம்பரில் வருகிறாள்.
அவளிடம் என்ன சொல்வது?
உன் படிப்புக்காக உன் கட்டிலை விற்றேன்,
வாங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்றா?

இருபத்து மூன்றாம் நாள்
தூங்காமல் நேராகக் கிளை அலுவலகம் போனேன்.
வரிசை எண் கையில் ஈரமாகிவிட்டது.
முகப்பில் இருந்த பையனுக்கு
என் மகள் வயதிருக்கும்.
படிவத்தில், புகார் செய்பவர்:
சுகுணவதி த/பெ மாசிலாமணி.
யார் மீது?
அவன் முழுப்பெயர் எனக்குத் தெரியாது.
தெரிந்த பெயரை எழுதினேன்,
சுகுணவதி த/பெ மாசிலாமணி.

"ஆண்டி, ரெண்டு எடத்துலயும் ஒரே பேரு."
"தெரியும்."
அவன் பேனாவை மூடி மறுபடி திறந்தான்.
யாரையோ கூப்பிடப் போனான்.
அபராதம் எவ்வளவு என்று கேட்க நினைத்தேன்.
அதற்குப் பதில் தண்ணீர் கேட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு.
"சாப்பிடுங்கக்கா" என்று தட்டு வைத்தாள் தர்ஷிணி.
உட்கார்ந்தேன்.
சோறு கொஞ்சம் குழைந்திருந்தது, ஆனாலும் பசி.
"வெள்ளிக்கிழமை ஆளுங்க வருவாங்க" என்றேன்.

பிசைந்த கை அப்படியே நிற்க
எந்த வெள்ளி என்று கேட்டான் இளவேந்தன்.

ரசத்தை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னேன்.