பூனை படுக்காத பெட்டி

காஸ்த்ரோவில் அன்று மழை பக்கவாட்டில் பெய்தது.
சிலோயே தீவில் அது ஒரு செய்தி இல்லை.
எலியுத்தேரியோவின் தீவனக் கடைக்குள்
ஈரப் பூட்ஸோடு நுழைந்தோம், மிர்த்தாவும் நானும்,
குஞ்சு பொரிக்கும் பெட்டி வாங்க.

எங்கள் கோழிகள் நீல முட்டை இடும்.
ஓட்டின் உள்பக்கம்கூட நீலம்.
இட்டுவிட்டு எழுந்து போய்விடும்.
அடை உட்காரச் சொன்னால்
யார் வீட்டு வேலையோ என்பதுபோல்
தலையைச் சாய்த்துப் பார்க்கும்.

கடை மேசையில் பெட்டிகள்,
எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன, எல்லாம் காலி.
குளிர்காலம் முழுக்க
இல்லாத முட்டைகளுக்கு முப்பத்தேழரை டிகிரி.

நான் நாற்பத்தெட்டு முட்டைப் பெட்டியின் முன் நின்றேன்.
சால்மன் பண்ணையில் இருபது வருஷம் இருந்தவன்,
எனக்கு எண்ணிக்கை ஆயிரத்தில்தான் ஆரம்பிக்கும்.
மிர்த்தா விலைச்சீட்டின் பின்னால்
பென்சிலால் கணக்குப் போட்டாள்.
பாதி சேவலாகத்தான் வரும்.
"இருபத்துநாலும் சேர்ந்து விடியலில் கூவினால்
நோல்ஃபா வேலி தாண்டி வருவாள், கோடரியோடு."

பிறகு குரல் இறங்கியது.
நம் சேவலுக்கும் காதோரம் குஞ்சம்.
பெட்டைகளுக்கும் குஞ்சம்.
இரண்டு பக்கத்திலிருந்தும் குஞ்சம் வாங்கிய கரு
ஓட்டைத் தட்டுவதற்கு முன்பே நின்றுவிடும்.
நாலில் ஒன்று.
அழகு பார்ப்பது நாம்,
வரி கட்டுவது அது.
பன்னிரண்டு வைத்தால் மூன்று.
நாற்பத்தெட்டு வைத்தால் பன்னிரண்டு.
"மூன்றைப் புதைக்க என்னால் முடியும்" என்றாள்.
சீட்டைத் திருப்பி வைத்தாள், விலை தெரியும்படி.

அப்படியானால் சின்னதில் எது?
கடைப் பூனை
தெர்மோகோல் பெட்டியின் மூடிமேல்
பிசைந்து வைத்த மாவுபோலப் பரவிக் கிடந்தது.
"அதிகம் போவது அதுதான்" என்றார் எலியுத்தேரியோ.
"பாருங்கள், பூனைக்கே பிடித்திருக்கிறது."
விலையும் பாதி.
நான் பணப்பையை எடுத்துவிட்டேன்.

மிர்த்தா பூனையைத் தூக்கி
மஞ்சள் பெட்டிமேல் வைத்தாள்.
அது ஒரு சுற்றுச் சுற்றியது,
பின்னங்காலை உதறியது,
குதித்து இறங்கி
தெர்மோகோலுக்கே திரும்பிப் போனது.
"மஞ்சளைக் கட்டிக் கொடுங்கள்."
எனக்குப் புரியவில்லை. கடைக்காரருக்கும்.
துறைப்படகில் பாதித் தண்ணீர் கடந்தபின் சொன்னாள்:
"சூடெல்லாம் பூனைக்குப் போனால்
முட்டைக்கு என்ன மிஞ்சும்?"

சமையலறையில் வைக்க முடியாது.
விறகடுப்பு நினைத்தால் நெருப்பு, மறந்தால் பனி.
இரவும் பகலும் ஒரே மாதிரிக் குளிர்
எங்கள் படுக்கையறையில்தான்.
அதைச் சொல்லிவிட்டு
ஏன் சிரிக்கிறாய் என்று என்னையே கேட்டாள்.

இரண்டு மணிக்கு ஒரு தடவை
உருட்டும் தட்டு முனகும்.
முதல் வாரம் ஒவ்வொரு முனகலுக்கும் விழித்தேன்.
பத்தாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தோம்.
நீல ஓடு யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.
பதினெட்டாம் நாள் உருட்டுவதை நிறுத்தி
தண்ணீர் ஊற்றினோம், கண்ணாடி வியர்த்தது.
அன்றிரவு எங்களை எழுப்பியது
முனகல் இல்லாமல் போனது.
இருட்டில் இருவரும் கிடந்தோம்,
காதை மட்டும் அனுப்பிவிட்டு.

கணக்குப்படி ஒன்பது.
வந்தது ஏழு.
ஈரம் காய்ந்து, ஒன்றை ஒன்று மிதித்து,
அதில் இரண்டுக்குக் கன்னத்தில் குஞ்சம்,
மீசை ஒட்டிய நாடகக்காரர்கள்போல.
அவற்றைச் சமையலறைக்கு,
பழைய ஆப்பிள் பெட்டிக்கு மாற்றினாள்.

மஞ்சள் பெட்டியில் இன்னும் ஐந்து நீலம்.
இருபத்திரண்டாம் நாள் ஆயிற்று.
இருபத்துமூன்று.
நாலில் ஒன்றுதானே என்று நான் கேட்கவில்லை.
செருகியைப் பிடுங்கக் குனிந்தேன்.
"இருக்கட்டும்" என்றாள்,
திரும்பிப் பார்க்காமல்,
துணி மடித்துக்கொண்டே.
"மின்சாரம் என்ன, பத்து பெசோ போகுமா?"