பானட் சூடு

கை வைத்ததும் தெரிந்துவிட்டது.
ஒன்பது மணிக்கு வரச்சொன்ன மனிதர்
எட்டரைக்கே ஒருமுறை ஓட்டி நிறுத்தியிருக்கிறார்.
பாகூர் ஏரிக்குக் கீழே, தகரக் கொட்டகையில்
எண்பத்து நாலாம் வருஷத்து மாஸி
ஒன்றும் அறியாத முகத்தோடு நிற்கிறது.

"ஒரே செல்ஃப்புதான், பாருங்க" என்றார் லெயோன் அருள்தாசு.
ஒரே செல்ஃப்தான்.
காய்ச்சி இறக்கிய பாலை மறுபடி வைத்தால்
பொங்க எவ்வளவு நேரம் ஆகும்?

எனக்கு இருப்பது ஒன்றே கால் காணி.
வெள்ளக்கரை, கேப்பர் மலைச் செம்மண்.
புது வண்டி வாங்கினால்
நிலத்தை விற்றுத்தான் தவணை கட்டவேண்டும்;
அப்புறம் எதை உழுவது?
வாடகை வண்டிக்காரரோ
மழை பெய்த மறுநாள் போனை எடுப்பதில்லை.

ஒரு லட்சத்து நாற்பது சொன்னார்.
மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் கழித்துக்கொண்டு வந்தேன்.
முன் டயர் இரண்டும் மொட்டை, பதினொன்று.
பின்னால் இடது ரீட்ரெட், பதினாலு
(கேட்டால் ஒரிஜினல் என்கிறார்).
ரேடியேட்டர் மூடியைத் திறந்தால்
தண்ணீர் மேல் எண்ணெய், வானவில் மாதிரி.
அந்த அழகுக்கு ஒன்பது. ஹெட் காஸ்கெட்.
பேட்டரி ஆறு.
கலப்பையைத் தூக்கி நிறுத்தச் சொல்லி
டீ வாங்கிக் குடித்தேன்.
பாதி டீயில் அது முழங்கால் உயரத்துக்கு வந்தது,
தம்ளரை நான் கீழே வைத்தபோது அதுவும் கீழே.
லிஃப்ட், பன்னிரண்டு.
புதுச்சேரி நம்பரைக் கடலூருக்கு மாற்ற
தடையின்மைச் சான்று, அலைச்சல், ஐந்து.

சிவப்புப் பெயின்ட் மட்டும் போன வாரத்தது.
குனிந்து டார்ச் அடித்தேன்.
கிளட்ச் ஹவுசிங் இடுக்கில் ஒரு வண்டல் கோடு.
பெண்ணையாறு எந்த வருஷம் வந்து போனது என்று கேட்கவில்லை.
கொட்டகைச் சுவரிலும்
அதே உயரத்தில் அதே கோடு.

"யோசிச்சு சொல்றேன்."
எங்கள் கூட்டுறவு வங்கியில்
கடன் கிடையாது என்பதை அப்படித்தான் சொல்வோம்.

மூன்றாம் நாள் சொல்லாமல் போனேன்,
ஐந்தரைக்கு, மார்கழிப் பனியில்.
அவர் இல்லை. பிலோமின் சாணம் அள்ளிக்கொண்டிருந்தாள்.
பானட் நனைந்து சில்லென்று இருந்தது.
"ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணுமா?
அவருக்குக் குளுருல புடிக்காது,
அதான் ஆள் வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வைக்கிறாரு."
கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஏறினாள்.
ஹீட்டரில் சாவியைப் பிடித்து
அவசரமே இல்லாமல் இருபது எண்ணினாள்.
ஒரு திருப்பு: இருமல்.
இன்னொன்று: பெரிய இருமல், ஒரு நாய் எழுந்து போனது.
மூன்றாவதில் பிடித்தது.
வெள்ளைப் புகை, கொஞ்சம் நீலம், பிறகு வெறும் நடுக்கம்.
"மூணு கேக்கும். நாலு கேட்டதில்ல."

அந்தச் சத்தத்துக்கு நடுவே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:
"அவரு நூத்தியஞ்சுல வந்து நிப்பாரு. எறங்குவாரு.
தொண்ணூறுக்குக் கீழ மட்டும் கேக்காதீங்க.
சீட்டு எடுத்த காசு எம்பத்தெட்டு கட்டணும்."

என் ரசீதில் எண்பத்து மூன்று.
கூட்டிக் கழித்தது எல்லாம் சரி,
இருபது வருஷமாக நான் காசாளர்.
நாலு கேட்டதில்லை என்பதை மட்டும்
எங்கே எழுதுவது, எவ்வளவு என்று?

தொண்ணூற்று இரண்டு.
அருள்தாசு இரண்டு தடவை எண்ணினார்,
ஜெயித்தாரா தோற்றாரா என்று பார்ப்பவர் போல.
பிலோமின் எண்ணவில்லை, வாங்கி முந்தானையில் முடிந்தாள்.

கன்னியக்கோவிலில் டேங்க் நிரப்பினேன்,
டீசல் அந்தப் பக்கம் மலிவு.
முள்ளோடை சோதனைச் சாவடியில்
வண்டியை அணைக்கச் சொல்லி
டூல் பாக்ஸில் சரக்கு தேடினார் ஒரு காவலர்.
ஒரு ஸ்பேனர். கிரீஸ் துணி. ஒரு முந்திரிக்கொட்டை.
"சரி, எடுங்க."
பின்னால் பஸ் ஹாரன்.
சாவியைத் திருப்பினேன். ஒரே செல்ஃப்.

"பழசா இருந்தாலும் நல்ல வண்டி மேடம்" என்றார்.
பானட்டில் கை வைத்துப் பாருங்கள் என்று
நான் சொல்லவில்லை.