முரசு

தூன் நகரம், இரண்டாம் மாடி, புதன் காலை எட்டரை.
கனகசூரியம் அண்ணை வாயைத் திறந்து கிடக்கிறார்.
பக்கத்துக் கதிரையில் நான்:
மணிக்குக் காசு வாங்கும் நாக்கு.

மெல்லிய கம்பி ஒன்று பல்லின் கரையோரம் நடக்கிறது.
ஃப்ராவ் லூகின்பூல் ஆழம் எண்ணுகிறார்.
மூன்று, மூன்று, ஐந்து,
மூன்று, ஆறு.
எண்களை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
ஆறில் அண்ணையின் கால்விரல்கள் மடங்கின.

"முரசிலை பொக்கற் இருக்காம்" என்கிறேன்.
அண்ணையின் கை காற்சட்டைக்குப் போகிறது.
சிரிக்க முடியாத வாயால் சிரிக்கிறார்.

வெறும் பொக்கற் அல்ல.
உள்ளே கிருமிகள் "குடியேறியிருக்கின்றன".
அதுதான் சரியான சொல்.
முப்பத்திரண்டு வருடம் அந்தச் சொல்லைச் சுமந்தவர் முன்
அதைக் கிருமிக்குக் கொடுக்க மனம் வரவில்லை.
"நிறைஞ்சு போச்சாம்" என்றேன்.
பிழைதான்.

இவர்கள் மொழியில் இது பல்லிறைச்சி.
எங்களுக்கு முரசு.
இறைச்சி என்றால் அழுகும்.
முரசு என்றால் ஊருக்குக் கேட்க வேண்டும்.
இதுவோ
நோகாமல், ஒரு சத்தமும் இல்லாமல்
சிவந்துகொண்டே இருந்திருக்கிறது.

சீனி கூடினால் முரசு வீங்கும்.
முரசு வீங்கினால் சீனி இறங்க மறுக்கும்.
இரண்டு தரம் சொல்லச் சொன்னார் அண்ணை.
"அப்ப எதை முதலிலை பிடிக்கிறது?"
கேள்வியை அப்படியே கொடுத்தேன்.
ஃப்ராவ் லூகின்பூல் கையுறையைக் கழற்றினார்.
"இரண்டையும்."
நாலு தரம் வரவேணும். காசு கையிலிருந்து.
உச்சி முதல் பாதம் வரை காப்புறுதி எழுதியவர்கள்
பற்களை மட்டும் வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு விதி.
"அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது.
"நான்" என்றே சொல்ல வேண்டும்.
ஆகவே, படிவம் நிரப்பும்போது, நான் சொல்லியிருந்தேன்:
எனக்குப் பதினொரு வருடமாய்ச் சீனி.
உணவகம் பூட்ட இரவு ஒருமணியாகும்,
பல் தீட்டாமல் படுத்துவிடுவேன்.
அப்பிள் கடித்தால் கடித்த இடம் சிவக்கும்.
வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

கடைசி இரண்டு வரிக்கும்
நான் குரலை மாற்றவில்லை.
மாற்றத் தேவையும் இருக்கவில்லை.

வியாழன் மத்தியானம் தொலைபேசி எடுத்தேன்.
வரவேற்பில் இருப்பவள் உடனே கண்டுபிடித்தாள்.
"ஓ, நீங்களா! இந்தமுறை யாருக்காக?"
ஜன்னலில் நீசன் மலை,
பனி பின்வாங்கிய அடிவாரம்.
"எனக்கு முரசில் இரத்தம் வருகிறது" என்றேன்.

"சரி" என்றாள்.
பேனை மூடி திறக்கும் சத்தம்.
"நோயாளியின் பெயர்?"